கிளிட்ச் படங்களில் வண்ண விலகல்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்ப இணைப்பில், டிஜிட்டல் படங்களில் ‘கிளிட்ச்’ விளைவை, அதாவது படம் பழுதானது போன்ற தோற்றத்தை, உருவாக்குவது பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் செயலியைத் திறந்து, ஒரு ஃபில்டரைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கூட்டினால் வேலை முடிந்தது என்ற அளவோடு அக்கட்டுரை நின்றுவிட்டது. படச் செம்மைப் பணியிலும் அதை இளைஞர்களுக்குக் கற்றுத்தருவதிலும் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் நான். இந்த விளைவைப் படத்தின் உள்ளிருந்து, அதாவது அதன் நிறப் பதிவுகளான சேனல்களிலிருந்து தொடங்கித்தான் கற்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பிழையைப் போலச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்யும் வண்ண விலகல், எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி பூசிய அலங்காரமாகவே முடிகிறது.

திரையில் நாம் காணும் வண்ணப் படம், ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும் மூன்று சாம்பல்நிறப் படங்களின் தொகுப்பு. இவற்றைத்தான் சேனல்கள் என்கிறோம். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண் இருக்கிறது. 1,67,77,216 நிறங்கள் கிடைப்பது இந்த மூன்று எண்களின் சேர்க்கையால்தான். மூன்று படங்களும் பிசகாமல் பொருந்தியிருக்கும் வரை அவை மூன்று என்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றில் ஒன்றைச் சற்று நகர்த்துவதே வண்ண விலகல். நகர்த்தியவுடன் படம் முழுவதும் நிறம் மாறிவிடும் என்று புதிதாகக் கற்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. ஒரே நிறமாக விரிந்து கிடக்கும் வானத்திலோ வெற்றுச் சுவரிலோ எவ்வளவு நகர்த்தினாலும் ஏதும் தெரியாது. ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்புகளில் மட்டுமே நிறம் பிரிந்து வெளிவருகிறது. ஆகவே எந்தப் படத்தைத் தேர்கிறோம் என்பதே இவ்வேலையில் பாதி. கூர்மையான விளிம்புகளும் வலுவான ஒளி வேறுபாடும் உள்ள படத்தில் சிறிய நகர்வுகூட எடுபடும். மூடுபனி படிந்த மென்மையான படத்தில் பெரிய நகர்வும் அழுக்குப் போலத்தான் தெரியும்.

இதை ஓர் எளிய சோதனையில் பார்க்கலாம். கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைக் கட்டத்தை வரைந்து, சிவப்புச் சேனலை 10 பிக்சல் இடப்பக்கமும், நீலச் சேனலை 10 பிக்சல் வலப்பக்கமும் நகர்த்தி, பச்சையை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இப்போது இடமிருந்து வலமாகப் பார்த்தால் முதலில் ஒரு சிவப்புப் பட்டை, அடுத்து மஞ்சள் பட்டை, நடுவில் வெள்ளை, பிறகு சயான் பட்டை, கடைசியில் நீலப் பட்டை என்று வரிசையாக நிற்கும். சிவப்பு மட்டும் சென்று விழுந்த இடம் சிவப்பு. சிவப்பும் பச்சையும் இருந்து நீலம் இன்னும் வந்து சேராத இடம் மஞ்சள். சிவப்பு விலகிப்போய் மற்ற இரண்டும் மிஞ்சிய இடம் சயான். அதே சோதனையை வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கட்டத்தை வைத்துச் செய்தால் வரிசை அப்படியே எதிர்நிறங்களாக மாறிவிடும்: சயான், நீலம், கறுப்பு, சிவப்பு, மஞ்சள். கட்டத்துக்குப் பதிலாக 10 பிக்சலைவிட மெல்லிய கோடு இருந்தால் அது மூன்று தனித்தனிக் கோடுகளாகவே பிளந்துவிடும். இந்தச் சிறு சோதனையைத் தன் கையால் செய்து பார்த்த மாணவர், எந்தக் கிளிட்ச் படத்தைக் கண்டாலும் எந்தச் சேனல் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

பச்சையை அசைக்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு. மூன்று நிறங்களும் ஒளிர்வுக்குச் சம அளவில் பங்களிப்பதில்லை. உயர்வரையறைத் தொலைக்காட்சிக்கான ரெக் 709 தரத்தின் கணக்கில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722. படத்தின் உருவத்தையும் கூர்மையையும் பெரும்பாலும் தாங்கிப் பிடிப்பது பச்சைச் சேனல்தான். அதை நகர்த்தினால் பார்ப்பவருக்கு நிறம் விலகியதாகத் தோன்றாமல், உருவமே இடம்பெயர்ந்து கலங்கியதாகத் தோன்றும். முகம் தெளிவாக இருக்க, அதைச் சுற்றி மட்டும் நிறம் சிதற வேண்டுமானால், பச்சையை நிறுத்திவிட்டுச் சிவப்பையும் நீலத்தையும் எதிரெதிர்த் திசைகளில் நகர்த்துவதே நல்ல வழி. நீலத்தை மட்டும் சிறிதளவு நகர்த்தினால் பலர் கண்ணுக்கு அது எளிதில் படாது.

செய்முறையும் கடினமானதன்று. இலவச மென்பொருளான கிம்ப்பில் ‘கலர்ஸ்’ பட்டியலின் ‘காம்போனன்ட்ஸ்’ பிரிவில் இருக்கும் ‘டீகம்போஸ்’ கட்டளை, படத்தை மூன்று சாம்பல்நிற லேயர்களாக (அடுக்குகளாக) பிரித்துத் தரும். வேண்டியதை ‘ஆஃப்செட்’ கட்டளையால் நகர்த்திவிட்டு ‘ரீகம்போஸ்’ கொடுத்தால் போதும். ஃபோட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து, மேல் லேயரின் ‘பிளெண்டிங் ஆப்ஷன்ஸ்’ சாளரத்தில் பச்சை, நீலம் இரண்டின் குறிகளையும் நீக்கிவிட்டு அந்த லேயரை நகர்த்தலாம். இந்த இரண்டாவது முறையை நான் அதிகம் விரும்புவதற்குக் காரணம், மூலப்படம் அடியில் கெடாமல் இருப்பதும், லேயருக்கு மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு விலகலை வேண்டிய இடத்தில் மட்டும் காட்ட முடிவதும்தான். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பைத்தானின் பில்லோ நூலகத்தில் படத்தைப் பிரிக்கவும், நகர்த்தவும், மீண்டும் சேர்க்கவும் ஆயத்தமான கட்டளைகள் இருக்கின்றன. நகர்வின் அளவைப் பிக்சலில் மனப்பாடம் செய்யாமல் படத்தின் அகலத்தோடு சேர்த்து நினைப்பது நல்லது. 1080 பிக்சல் அகலப் படத்தில் 10 பிக்சல் ஏறத்தாழ ஒரு சதவீதம், 4000 பிக்சல் அகலப் படத்தில் அதே 10 பிக்சல் கால் சதவீதம்தான்.

இந்த விளைவுக்கு நீண்ட முன்வரலாறு உண்டு என்பதைத் தங்கள் கட்டுரை தொடவில்லை. 1861ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுக்கப்பட்ட படங்களை ஒரே திரையில் பொருத்தி வண்ணப் படத்தைக் காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசெங்கும் பயணம் செய்த புகைப்படக் கலைஞர் செர்கெய் புரோக்குதின் கோர்ஸ்கி, ஒரே கண்ணாடித் தகட்டில் மூன்று நிறப் பதிவுகளை அடுத்தடுத்து எடுத்தார். அவருடைய தொகுப்பை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1948இல் வாங்கியது. இன்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். அப்படங்களில் கட்டடமும் மலையும் சுத்தமாக இருக்க, ஓடும் நீரும் அசைந்துவிட்ட மனிதரும் மட்டும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். மூன்று பதிவுகளுக்கும் இடையே ஓடிய நேரம்தான் அங்கே நிறமாகத் தெரிகிறது. வண்ண விலகலுக்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. இதை இன்றும் செய்யலாம்: கேமராவை அசையாமல் நிறுத்தி ஒரே காட்சியை மூன்று முறை எடுத்து, முதல் படத்தின் சிவப்பையும், இரண்டாவதின் பச்சையையும், மூன்றாவதின் நீலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால், நிலையான பொருள்கள் மாறாமல் இருக்க, அசைந்தவை மட்டும் நிறம் பிரியும். புகைப்படக்காரர்கள் இதை ‘ஹாரிஸ் ஷட்டர்’ என்பார்கள். எந்த ஃபில்டரும் இதைத் தர இயலாது. ஏனெனில் ஒற்றைப் படத்தில் அந்த நேர வேறுபாடே இல்லை.

கட்டுரையில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. சேனல்கள் இடம் நகர்வதையும், நிறத்தின் மதிப்பே மாறிப்போவதையும் அது ஒன்றாகக் குழப்பிவிட்டது. இரண்டும் வெவ்வேறு பிழைகள். வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. இரண்டாவதைப் புரிந்துகொள்ளப் பிஎம்பி (BMP) என்ற பட வடிவக் கோப்பு மிக நல்லது, ஏனென்றால் அதில் பிக்சல்கள் பெரும்பாலும் சுருக்கப்படாமல் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில், ஒரு நிற எண்ணுக்கு ஒரு பைட் என்று, பைட் பைட்டாக எழுதப்பட்டிருக்கும். வழக்கமான 24 பிட் கோப்பில் முதல் 54 பைட்கள் கோப்பின் விவரங்களைச் சொல்லும் தலைப்பகுதி. சில மென்பொருள்கள் இதைவிட நீளமான தலைப்பகுதியை எழுதுவதும் உண்டு. கோப்பின் நகலொன்றை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்களை எண்களாகக் காட்டித் திருத்தவிடும் மென்பொருளில்) திறந்து, தலைப்பகுதியைத் தாண்டி எங்காவது ஒரே ஒரு பைட்டை நீக்கிப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து எல்லா எண்களும் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிடுவதால், பச்சையின் எண் நீலத்தின் இடத்திலும், சிவப்பின் எண் பச்சையின் இடத்திலும், அடுத்த பிக்சலின் நீலம் இந்தப் பிக்சலின் சிவப்பின் இடத்திலும் போய் உட்காரும். சிவப்புச் சட்டை பச்சையாகிவிடும், பச்சை இலை நீலமாகிவிடும், நீல வானம் சிவந்துவிடும். வெள்ளையும் சாம்பலும் மட்டும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். இரண்டு பைட்களை நீக்கினால் நிறங்கள் மறுபக்கமாகச் சுழலும். மூன்றை நீக்கினால் நிறங்கள் எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட, படம் ஒரு பிக்சல் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். பிஎம்பி கோப்பில் வரிசைகள் வழக்கமாகக் கீழிருந்து மேலாக எழுதப்படுவதால், கோப்பின் நடுவில் செய்த மாற்றம் படத்தின் மேற்பாதியைத்தான் கெடுக்கும். இதை முதன்முதலில் பார்க்கும் மாணவர்களின் முகத்தில் தோன்றும் வியப்பே, இப்பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குச் சொல்கிறது.

ஜேபெக் கோப்பின் பிழை இன்னும் சுவையானது. ஜேபெக் முறை படத்தை ஒளிர்வு, நிறம் என்று பிரித்து, 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. ஒவ்வொரு கட்டத்தின் சராசரி மதிப்பையும் முழுமையாக எழுதாமல், முந்தைய கட்டத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே எழுதுகிறது. ஆகவே ஓரிடத்தில் ஒரு பைட் கெட்டால் அந்தத் தவறான வேறுபாடு அடுத்த கட்டத்துக்கும், அதற்கடுத்த கட்டத்துக்கும் தொற்றிக்கொண்டே போய், அந்த இடத்துக்குப் பிறகுள்ள படம் முழுவதும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தோய்ந்துவிடுகிறது. உருவங்களும் பல வேளைகளில் பக்கவாட்டில் சறுக்கிவிடுகின்றன. பழுதான நினைவட்டையிலிருந்து மீட்ட படங்களில் மேற்பகுதி நன்றாக இருக்க, கீழ்ப்பகுதி நிறம் மாறிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதன் காரணம் இதுதான். பிஎன்ஜி (PNG) என்ற பட வடிவக் கோப்பில் இப்படி விளையாட முடியாது. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் இருப்பதால், கெட்ட கோப்பைப் பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கவே மறுத்துவிடும்.

இவற்றிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. உண்மையான பிழைக்குத் தொடங்கும் இடம் உண்டு, பரவும் திசை உண்டு, கட்டக் கணக்கும் உண்டு. தரவு வரிசை வரிசையாக எழுதப்படுவதால் பிழையும் கிடைமட்டமாகவே ஓடும். ஆகவே கையால் கிளிட்ச் செய்பவர், படம் முழுவதையும் ஒரே அளவில் நகர்த்தாமல், 8 அல்லது 16 பிக்சலின் மடங்குகளில் உயரமுள்ள கிடைப்பட்டைகளைத் தேர்ந்து, ஒன்றிரண்டில் மட்டும் பெரிய விலகலும் மற்றவற்றில் சிறிய விலகலும் கொடுத்து, ஒரு பட்டையை வரிசையின் நடுவிலேயே தொடங்கவைத்தால், பார்ப்பவர் கண் அதை நம்பும். செயலிகள் தரும் பெரும்பாலான ஃபில்டர்களில் இந்த அக்கறை இல்லை.

‘பழைய வீடியோ கேசட் விளைவு’ என்ற பெயரில் சிவப்பும் நீலமும் பிரிந்த படங்களைத் தங்கள் கட்டுரை காட்டியிருந்தது. விஎச்எஸ் கேசட்டில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே பதிவானதே இல்லை. அது ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்துப் பதிந்தது. நிறத்துக்குக் கிடைத்த அலைவரிசை அகலம் மிகக் குறைவு. அதனால் அதன் இயல்பான குறை, உருவக் கோடு ஓரளவு தெளிவாக இருக்க, நிறம் மட்டும் கோட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் வழிவதுதான். மூன்று நிறமும் தனித்தனியே பிரிவது, மூன்று மின்னணுக் கற்றைகள் சரியாகச் சேராத பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியின் குறை. கேசட் தோற்றம் வேண்டுபவர் ஒளிர்வையும் நிறத்தையும் தனித்தனிச் சேனல்களாக வைக்கும் லேப் (Lab) அல்லது ஒய்சிபிசிஆர் (YCbCr) முறையில் படத்தைப் பிரித்து, ஒளிர்வைத் தொடாமல், நிறச் சேனல்களை மட்டும் கிடைமட்டமாக மங்கலாக்கி வலப்பக்கம் சற்றுத் தள்ள வேண்டும். லென்ஸின் குறையோ இரண்டையும் போன்றதன்று. அது படத்தின் மையத்தில் இல்லாமல் ஓரம் நோக்கிப் போகப்போக வளரும். அதைப் போலச் செய்ய, சேனலை நகர்த்தாமல் சற்றே பெரிதாக்கினால் போதும்.

சேமிக்கும்போதும் கவனம் தேவை. ஜேபெக்கில் பரவலாகப் பயன்படும் 4:2:0 முறை, நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவலை மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஓரிரு பிக்சல் அகலமுள்ள நுண்ணிய வண்ண விளிம்புகள் அதில் கரைந்து சாம்பலாகிவிடும். பிஎன்ஜியாகவோ, ஜேபெக் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத் தகவலை வைத்துக்கொள்ளும் 4:4:4 தெரிவிலோ சேமிக்க வேண்டும். சமூக ஊடகங்கள் படத்தை மீண்டும் சுருக்குவதால், அங்கே இடுவதற்கு விலகலைச் சற்றுத் தாராளமாகவே வைக்கலாம்.

அச்சிதழ் என்பதால் தங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் நீல, சயான் விளிம்புகளை நான்கு அச்சு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது. தாளில் அவை மங்கிவிடுகின்றன. அதோடு, சேனல் விலகிய படம் தாளில் அச்சுத் தகடுகள் சரியாகப் பொருந்தாததைப் போலவே தெரிவதால், வாசகர் அது கலைஞரின் வேலை என்று அறியாமல் அச்சகத்தைக் குறை சொல்வார். அச்சுக்கென்றே செய்வதாக இருந்தால், படத்தை நான்கு மை முறைக்கு மாற்றிய பிறகு சயான், மெஜந்தா தகடுகளை நகர்த்தி, உருவக் கோட்டைத் தாங்கும் கறுப்பை நிறுத்திவைப்பது பொருத்தம். தலைப்பெழுத்துகளிலும் இதே கவனம் வேண்டும். அக்கட்டுரையின் தலைப்பில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மூன்று நிறப் புள்ளிகளாகப் பிரிந்து பக்கத்து எழுத்தின் தலைமேல் போய் நின்றன. அது எந்த எழுத்தின் புள்ளி என்பதை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் விலகலைப் புள்ளியின் விட்டத்தைவிடக் குறைவாக வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. கலைப் படைப்பிலும் சுவரொட்டியிலும் இசைத் தொகுப்பின் அட்டையிலும் வண்ண விலகல் எவ்வளவு துணிச்சலாக வந்தாலும் வரவேற்கிறேன். செய்திப் படத்தில் அது வரக்கூடாது. சேனல் பிரிந்த முகம், அந்தப் பதிவில் ஏதோ பழுது நேர்ந்திருக்கிறது, இந்த மனிதரிடம் ஏதோ சரியில்லை என்ற எண்ணத்தை ஒரு சொல்லும் எழுதாமலேயே ஏற்படுத்திவிடுகிறது. இணையக் குற்றம் பற்றிய செய்திகளில் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்களின் முகங்களுக்கு இந்த விளைவைப் பூசுவது பல ஊடகங்களில் வழக்கமாகிவருகிறது. அது படத்தின் மூலம் எழுதப்படும் தீர்ப்பு. மேலும், செய்யறிவால் உருவான போலிப் படங்களைப் பிரித்தறிய விளிம்புகளையும் நிறப் பொருத்தத்தையும் உற்றுப் பார்க்கும்படி வாசகர்களுக்குச் சொல்லிவரும் இக்காலத்தில், அதே விளிம்புகளை நாமே குலைத்து வெளியிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. செய்திக்கு விளக்கச் சித்திரம் தேவைப்பட்டால் அதைச் சித்திரமாகவே வரைந்து, ‘சித்திரிப்பு’ என்று குறிப்பிட்டு வெளியிடலாம்.

தங்கள் இணையதளத்தில் அசையும் வடிவில் இவ்விளைவைப் பயன்படுத்தும்போது படம் மின்னும் வேகத்தைக் கட்டுப்படுத்துமாறும் வேண்டுகிறேன். 1997 டிசம்பரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மாறி மின்னியதைப் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் வலிப்பு முதலிய பாதிப்புகளோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள், ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்று வரையறுத்திருக்கின்றன. அடர்சிவப்பு மின்னலைத் தனியாகவே குறிப்பிட்டு எச்சரிக்கின்றன. சிவப்புச் சேனலை முன்னும் பின்னுமாகத் துடிக்கவிடும் அசைபடம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

தொழில்நுட்ப இணைப்பில் இப்பொருளைப் பற்றிச் சிறு தொடர் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் பகுதியில் வெள்ளைக் கட்டச் சோதனையும், அடுத்ததில் பிஎம்பி கோப்பில் ஒரு பைட்டை நீக்கும் சோதனையும் இடம்பெற்றால் வாசகர்கள் தாங்களே செய்துபார்ப்பார்கள். ஒவ்வொரு விளைவுப் படத்துக்கும் பக்கத்தில் அதன் மூலப்படத்தையும், மூன்று சேனல்களையும் தனித்தனியே சாம்பல்நிறத்தில் அச்சிட வேண்டும். இணையப் பதிப்பில் அவற்றைப் பிஎன்ஜி கோப்புகளாகத் தரவிறக்கும் வசதியும் வேண்டும். அதற்கான மாதிரிப் படங்களையும் செய்முறைக் குறிப்புகளையும் எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்